ஓவர்லாக் முதல் சோலார் வரை: வாசகர் கேள்வி – பதில்

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவுகளில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர், தொழில் மாற நினைக்கும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

மேடம், எனக்கு 38 வயது. பத்தாவது பாஸ். பதினாறு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் என்று இரண்டு தையல் மெஷினும் அடிக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. வேறு தொழிலுக்கு மாற ஆசை. பியூட்டீஷியன் கோர்ஸ் போகலாமா, கம்ப்யூட்டர் படிக்கலாமா? இந்த வயதில் ஐடிஐயில் சேர்த்துக்கொள்வார்களா? கேட்டால் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.
– வாசகி, பல்லடம்

முதலில் சிரிக்கிறவருக்கு. தமிழ்நாட்டு ஐடிஐ சேர்க்கையில் 40 வயது என்ற எல்லை ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. இதை அவர் காதில் விழும்படி ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.

ஆனால் உங்களை நான் ஐடிஐக்கு அனுப்ப மாட்டேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டும். 750 ரூபாயில் வீடு ஓடாது. பாதியில் நிறுத்துகிற பெண்களில் நான் பார்த்தவர்கள் பலரும் படிப்பு வராமல் நிறுத்தியவர்கள் அல்ல. வாடகைக்காக நிறுத்தியவர்கள்.

அடுத்து, பியூட்டீஷியனா கம்ப்யூட்டரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் கண்ணு? பதினாறு வருடம் மெஷினில் உட்கார்ந்த கை. தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி மழுங்கியதா, லூப்பர் தள்ளிவிட்டதா, நூல் இறுக்கமா என்று மெஷின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவீர்கள். கைப் பகுதியை மாற்றிப் பூட்டியிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அந்த அறிவுக்குத் திருப்பூரில் விலை இருக்கிறது. நீங்கள்தான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொழில் மாறுவது என்றால் இருப்பதை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று எல்லோருமே நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பக்கத்து வேலைக்கு நகருங்கள்.

உங்களுக்குப் பக்கத்து வேலை மூன்று. ஒன்று குவாலிட்டி. நாள் முழுக்க உட்கார வேண்டாம், லைனில் நடந்துகொண்டே இருக்கலாம். தையல் குறை கண்டுபிடிப்பது உங்களுக்குப் புதிதில்லை. கற்க வேண்டியது ரிப்போர்ட் எழுதுவது, அளவு அட்டவணை படிப்பது, ஏ.க்யூ.எல். என்று சொல்கிறார்களே, ஒரு லாட்டில் எத்தனை பீஸை எடுத்துப் பார்க்க வேண்டும், எத்தனை பீஸ் குறையோடு இருந்தால் லாட்டையே திருப்ப வேண்டும் என்ற கணக்கு, அது. கொஞ்சம் இங்கிலீஷ் வார்த்தை பழகினால் போதும். இரண்டாவது, கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டு மார்க்கர் அடுக்குவது, அதாவது வெட்ட வேண்டிய பகுதிகளைத் துணி வீணாகாமல் வரிசைப்படுத்துவது. கம்ப்யூட்டர் ஆசை இருக்கிறது என்றால் டேலியும் டைப்பிங்கும் வேண்டாம், இதைப் படியுங்கள். துணியில் எந்தப் பக்கம் இழுவை, தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் காலேஜ் முடித்து வரும் பிள்ளைகள் இனிமேல்தான் கற்க வேண்டும். உங்களுக்கு மவுஸ் பிடிப்பது மட்டும்தான் புதிது. மூன்றாவது மெஷின் மெக்கானிக். பெண்கள் அதிகம் வராத வேலை, அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை. ஆனால் குனிந்து நிமிர வேண்டும், உங்கள் இடுப்பை நினைத்துத் தயங்குகிறேன்.

திருப்பூரில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. ஆயத்த ஆடைத் துறைக்கென்றே ஏ.டி.டி.சி. என்ற பயிற்சி அமைப்பும் உண்டு. ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய், வேலையில் இருப்பவர்களுக்குக் குறுகிய கால வகுப்பு எப்போது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் இன்னொன்று. இப்போது வேலை செய்யும் கம்பெனியிலேயே குவாலிட்டி சூப்பர்வைசரிடம் பேசிப் பாருங்கள். ஒரு வாரம் செக்கிங்கில் நின்று பார்த்தால் இடுப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். பியூட்டி பார்லர் கெட்ட தொழில் என்று சொல்லவில்லை. பல்லடத்தில் இன்னொரு பார்லருக்கு இடம் இருக்கிறதா என்பதை என்னைவிட நீங்கள்தான் அறிவீர்கள்.

பதினான்கு வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் வீட்டு ஒயரிங் வேலை செய்கிறேன். படிப்பு ஒன்பதாவது. கையில் ஒரு சர்டிபிகேட்டும் இல்லை. இப்போது எல்லோரும் மாடியில் சோலார் போடுகிறார்கள். கம்பி இழுக்க, பைப் அடிக்க என்னைத் தினக்கூலிக்குக் கூப்பிடுகிறார்கள். மற்றதைத் தொட விடுவதில்லை. சோலார் வேலை முழுதாகக் கற்று நானே எடுத்துச் செய்ய முடியுமா?
– வாசகர், மணப்பாறை

முடியும். ஆனால் சோலார் இரண்டாவது படி. முதல் படி, நீங்கள் ஏற்கெனவே அறிந்த வேலைக்கு ஒரு காகிதம்.

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. ஒயரிங் வேலையில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. தேர்வு ஐடிஐகளில்தான் நடக்கும். அறிவிப்பு வரும்போது பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாகப் போடுவார்கள், கண்ணில் படாது. அதனால் உங்கள் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்திலோ திருச்சி அரசு ஐடிஐ ஆபீசிலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கஷ்டமான இடம் தேர்வு அல்ல, அனுபவச் சான்று. பதினான்கு வருடம் உழைப்பை வாங்கிக்கொண்ட கான்ட்ராக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போடத் தயங்குவார், ஆள் போய்விடுவானே என்று. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள்.

அந்தச் சான்றிதழ் வந்ததும் நீங்களே கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டீர்கள். கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேறு விஷயம். ஆனால் பெயரில்லாத கூலி ஆளாக நிற்பதும், அரசாங்கச் சான்றோடு நிற்பதும் ஒன்றில்லை.

இப்போது சோலார். உங்களை மற்றதைத் தொட விடுவதில்லை என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். விடாததற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருடம் உங்கள் கை பழகியது ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் கரன்ட். மாடியில் பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை வருவது டி.சி., ஒரே திசையில் ஓடும் கரன்ட். வீட்டுக் கரன்ட் ஒரு வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். சுவிட்சை அணைக்கும்போது வரும் தீப்பொறி அந்த இடைவெளியில் செத்துவிடும். டி.சி.க்கு அந்த இடைவெளி இல்லை. கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இணைப்பைப் பிடுங்கினால் பொறி நீண்டு, நின்று எரியும். வீட்டுக்குப் போடுகிற, தானாக அணையும் சாதா பிரேக்கரை (எம்.சி.பி.) டி.சி. பக்கம் மாட்டி எரிந்துபோன பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே டி.சி.க்கு என்றே செய்த பிரேக்கர்தான் போட வேண்டும்.

இன்னொன்று. வீட்டு ஒயரிங்கில் பயம் வந்தால் மெயினை அணைத்துவிடுவீர்கள். பேனலுக்கு மெயின் சூரியன். வெயில் இருக்கிற வரை பேனல் முனையில் மின்னழுத்தம் இருக்கும், அதை அணைக்க முடியாது. ஒரு பேனல் நாற்பது வோல்ட்தான் என்று அலட்சியம் வரும். பத்துப் பேனலை வரிசையாகச் சேர்த்தால் நானூறு. பேனல்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கக் கூடாது. வேறு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று மாட்டவும் கூடாது. பார்க்கப் பொருந்தியதுபோல இருக்கும், உள்ளே தளர்ந்து சூடாகும். மாடி விளிம்பில் வேலை என்பதால் கயிறும் பெல்ட்டும் கட்டாயம். எர்த், இடிதாங்கி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் கற்பதற்கு மலைப்பாக எதுவும் இல்லை. உங்களைப்போல் ஒயரிங் ஒழுங்காகத் தெரிந்தவருக்குச் சில வாரம் போதும். மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், தங்கிப் படிப்பது, நல்ல பயிற்சி. ஆனால் அதற்குப் பத்தாவதும் ஐடிஐயும் கேட்பார்கள். உங்களுக்குக் கதவு அங்கே திறக்காது. 40 வயது தாண்டவில்லை என்றால், எட்டாவது படித்தவர்கள் சேரக்கூடிய ஒயர்மேன் பிரிவு ஐடிஐயில் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், இன்வெர்ட்டர் கம்பெனிகள் தங்கள் டீலர்களின் ஆட்களுக்கு நடத்தும் பயிற்சிக்கு, உங்களைக் கூலிக்குக் கூப்பிடுகிறவர் மூலமே போகலாம். அவருக்கும் கற்ற ஆள் தேவைப்படும் காலம் இது. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என்று வீடுகளுக்கு மானியம். ஆனால் அந்த மானியம் வர, வேலையைச் செய்பவர் பதிவு பெற்ற விற்பனையாளராக இருக்க வேண்டும். ஆகவே "நானே எடுத்துச் செய்வது" என்பதை மூன்று நான்கு வருடத் திட்டமாக வையுங்கள். அதுவரை பதிவு பெற்ற ஒருவரிடம் பொருத்தும் குழுவுக்குத் தலைவராக இருக்கலாம்.

வாடிக்கையாளரிடம் பேசவும் பழகுங்கள். கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று சண்டைக்கு வருவார்கள். லைனில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியர் மேல் உங்கள் மாடிக் கரன்ட் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்கிறது. பேட்டரி இல்லாத அமைப்பில் அப்படித்தான். இதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். வாங்கின பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள்.

மூன்று மாதச் சான்றிதழ், இரண்டு வருட ஐடிஐ சான்றிதழ், எதற்கு மதிப்பு?
– வாசகர், விருத்தாசலம்

அரசு வேலை, ரயில்வே, பெரிய தொழிற்சாலை என்றால் ஐடிஐயின் தேசியத் தொழிற்சான்றிதழ். இரண்டு வருடப் பிரிவு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். எட்டாவதோடு ஐடிஐ முடித்தவர்கள் மொழித்தேர்வு எழுதிப் பத்தாவதுக்கு இணையான சான்றும் வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது.

சொந்தக் கடை வைக்கிறவருக்கு மூன்று மாதமே அதிகம். ரிப்பேர் கடைக்குச் செல்போன் கொண்டு வருகிற யாரும் சுவரில் மாட்டியதைப் படிப்பதில்லை.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, சரியான வேலை கிடைக்காமல் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். வயது 26. டேட்டா சயின்ஸ் கோர்ஸ் ஒன்று, ஆறு மாதம், 1,20,000 ரூபாய். நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். கையில் பணம் வேண்டாம், வட்டியில்லாத தவணை என்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

தம்பி, தவணையில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடும் படிவம் கோர்ஸ் படிவம் இல்லை, கடன் படிவம். கடன் தருவது வேறு ஒரு நிதி நிறுவனம். உங்கள் பெயரில் கடன் எடுத்து மொத்தப் பணமும் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். இரண்டாம் மாதம் வகுப்பு பிடிக்கவில்லை என்று நின்றாலும் மாதாமாதம் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் கெட்டுப்போகும். பத்து வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது இந்தப் படிவம் வந்து குறுக்கே நிற்கும்.

நூறு சதவீதம் என்பதை ஒப்பந்தத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாளில் "வேலை தேட உதவி" என்றுதான் இருக்கும். வாயில் சொல்வது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று. அப்புறம், போன வருடம் முடித்தவர்களில் உங்களைப்போல் மெக்கானிக்கல் படித்த நான்கு பேரின் போன் நம்பர் கேளுங்கள். அவர்கள் கொடுக்கிற நம்பர்கள் நல்லதாகவே பேசும், அதனால் அந்த நால்வரிடம் அவர்களோடு படித்த வேறு நால்வரின் நம்பரை வாங்குங்கள்.

டேட்டா சயின்ஸ் பிடிக்குமா என்பதே தெரியாமல் ஒரு லட்சம் போட வேண்டாம். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். பைத்தானும் புள்ளியியலும் அங்கே ஒவ்வொரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். புள்ளியியலில் மூன்றாவது வாரமும் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஆசை உண்மையிலேயே இருக்கிறது. அப்போது சென்னை ஐஐடியின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது, 2020இல் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நான்கு வாரப் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. படித்த வரைக்கும் சான்றிதழ், டிப்ளமோ என்று நடுவிலேயே வெளியே வரவும் வழி வைத்திருக்கிறார்கள். தமிழக அரசின் நான் முதல்வன் தளத்தையும், 18 முதல் 35 வயது வரையானவர்களுக்கு 2025இல் தொடங்கிய வெற்றி நிச்சயம் திட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், உங்களுக்கும் பக்கத்து வேலைதான். ராணிப்பேட்டை சிப்காட்டைத் தாண்டித்தானே தினமும் வண்டி ஓட்டுகிறீர்கள். உள்ளே கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய, புரோகிராம் எழுதிச் செட்டிங் போடத் தெரிந்தவர்கள் குறைவு. பட்டம் கையில் இருக்கிறது, வரைபடம் படிக்கத் தெரியும். பட்டதாரிகளுக்கான தொழிற்பழகுநர் பயிற்சிக்குச் சென்னைத் தரமணியில் இருக்கும் தென்மண்டல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். படிப்பு முடித்துச் சில வருடம் வரைதான் எடுப்பார்கள், தள்ளிப் போடாதீர்கள். உதவித்தொகை டெலிவரியில் வருவதைவிடக் குறைவாக இருக்கலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் கடன் இல்லை.

ஊரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வங்கி நடத்தும் பயிற்சியாம், சாப்பாடும் தங்குமிடமும் கூட இலவசமாம். எதற்கு இப்படிச் சும்மா கொடுக்கிறார்கள்? நம்பிப் போகலாமா?
– வாசகி, வேப்பந்தட்டை

போகலாம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று அதற்குப் பெயர். கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982இல் தர்மஸ்தலா கோயில் நிர்வாகமும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அது நன்றாக நடந்ததால் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்க வைத்தார்கள். வங்கிக்கும் லாபம் உண்டு. வேலை கற்றவருக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வரும்.

பத்து நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரை பயிற்சி. தையல், செல்போன் ரிப்பேர், ஏ.சி., ஆடு மாடு வளர்ப்பு, சி.சி.டி.வி. என்று நிறைய இருக்கிறது. முடித்த பிறகும் இரண்டு வருடம் என்ன செய்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள், இது மற்ற இடங்களில் இல்லாத நல்ல பழக்கம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பயிற்சி முடித்தால் கடன் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திட்ட அறிக்கை எழுத வேண்டும், குழுக்கடன் பாக்கி இருந்தால் அதைக் கேட்பார்கள். அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு மையத்தில் பேஷண்ட் கேர் பயிற்சி என்று சேர்ந்தேன். டி-ஷர்ட், பை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நான்கு நாள் வகுப்பு நடந்தது. இப்போது "வர வேண்டாம், தேர்வு நாளில் மட்டும் வாருங்கள், சான்றிதழ் வந்துவிடும்" என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

வேண்டாம். வேறு தொழிலாக இருந்தால் தாள்தானே என்று விட்டுவிடுவேன். நீங்கள் படித்தது நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலை. படுக்கைப் புண் வராமல் எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது, மூக்கில் குழாய் போட்டவருக்குத் தலையை எவ்வளவு உயர்த்தி உணவு கொடுப்பது என்பதெல்லாம் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் போனால் யாருக்காவது உயிர் போகும்.

உங்களோடு சேர்ந்தவர்களில் ஐந்தாறு பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ஒரு நகல் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்துக்கு. மனுவில் நியாயம் பேச வேண்டாம், தேதி போடுங்கள்: எந்தெந்த நாள் வகுப்பு நடந்தது, எந்தெந்த நாள் வரச் சொல்லவில்லை. வருகைப் பதிவில் அந்த நாட்களுக்கு நீங்கள் வந்ததாக இருந்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இனிமேல் எங்கே சேர்வதானாலும் சேரும் முன்பு மதியம் பன்னிரண்டு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். கட்டிலும் பொம்மையும் கவர் பிரிக்காமல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சவுதியில் இருபது வருடம் பைப் வெல்டர். 6ஜி. ஊருக்கு வந்துவிட்டேன், வயது 48. கண் முன்புபோல் இல்லை. கேட், கிரில் செய்யும் பட்டறை வைக்கலாமா, இல்லை பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? எனக்கு ஐடிஐ சான்றிதழ் கிடையாது.
– வாசகர், கடலாடி

வெல்டிங் என் பிரிவு இல்லை, ஆனால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் அதைப் பார்த்துக்கொண்டேதான் சம்பளம் வாங்கினேன். 6ஜி என்றால் மற்ற வாசகர்களுக்குச் சொல்கிறேன்: குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள், வெல்டர்தான் சுற்றி வந்து கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் அடிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் அனுமதித்த அளவைத் தாண்டிக் குறை தெரிந்தால் பெயில். அப்படிப்பட்ட கை வைத்துக்கொண்டு கிரில் கேட் அடிக்கப் போகிறேன் என்கிறீர்களே ஐயா. பட்டறை பிழைப்புக்கு ஓடும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு 6ஜி தேவையில்லை.

சொல்லிக்கொடுங்கள். கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பையன்கள் வளைகுடாவுக்குப் போக ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டு, டிரேட் டெஸ்ட்டில் ரூட் பாஸ் ஓட்டத் தெரியாமல் திரும்புகிறார்கள். அந்த முதல் சுற்று ஓட்டத்தில் இடைவெளி எவ்வளவு, கை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. பெரிய மையம் வேண்டாம். ஒரு கொட்டகை, இரண்டு மெஷின், பழைய குழாய்த் துண்டுகள், மாலையில் நான்கு பையன்கள். வெளிநாடு போக விரும்புகிறவர்களைத் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1978இலிருந்து இருக்கிறது, ஏஜென்ட்டை விட நம்பகமானது.

சான்றிதழ் இல்லாததற்கு வழி உண்டு. ஐடிஐ படிக்காமல் அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். சவுதி கம்பெனியின் அனுபவக் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ் வந்தால் பயிற்சி மையங்கள் உங்களைப் பயிற்றுநராக எடுக்க முடியும். திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1975இலிருந்து. அங்கே வெல்டர்களுக்கான பயிற்சியும் நடக்கிறது. ஒருமுறை போய்வந்தால் இருபது வருடத்தில் மெஷின்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்க்கலாம், பையன்களுக்கு அதையும் சொல்லலாம்.

கண்ணுக்கு முதலில் டாக்டர். கண்ணாடி போட்டால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது என்றால், வெல்டிங் ஆய்வு என்ற வேலையும் உங்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. அங்கே கண்ணாடி போட்டுப் பார்ப்பது குற்றமில்லை.

என் மகன் பி.காம். இரண்டாம் வருடத்தில் ஐந்து அரியரோடு நிற்கிறான். சமையல் படிக்கப் போகிறேன் என்கிறான். அவன் அப்பா "என் பிள்ளை கரண்டி பிடிப்பதா" என்று பேசுவதில்லை. பையன் சனி, ஞாயிறு ஒரு கேட்டரிங்காரரோடு கல்யாண வேலைக்குப் போகிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், கும்பகோணம்

பார்த்தீர்களா, அவன் ஏற்கெனவே பக்கத்து வேலையில்தான் இருக்கிறான். நீங்கள்தான் பி.காம். என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் பரிமாறுவது வேறு, அடுப்பில் நிற்பது வேறு. முகூர்த்த நாட்கள் நிறைய வரும் மாதம் ஒன்றில் கேட்டரிங்காரரிடம் சொல்லி அவனை உள்ளே போடச் சொல்லுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு இட்லி ஊற்றட்டும், அண்டா கழுவட்டும், முந்நூறு பேர் சாம்பாருக்குப் பருப்பு வேகும் வரை நிற்கட்டும். மாதக் கடைசியிலும் இதே படிப்புதான் என்றால் சேர்த்துவிடுங்கள்.

சென்னை தரமணி ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் உணவுத் தயாரிப்பும் பேக்கரியும் சேர்ந்த ஒன்றரை வருடக் கைவினைப் படிப்பு இருக்கிறது, பத்தாவது போதும். உங்களுக்குப் பக்கமாக வேண்டுமென்றால் திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தாட்கோ மூலம் தரமணியில் செலவில்லாமல் படிக்க வழி உண்டு. மூன்று வருடப் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஐந்து அரியர் வைத்திருக்கும் பையனை மறுபடி ஒரு பட்டத்துக்குள் தள்ளுவதை நான் யோசிப்பேன். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியிலிருந்து வாங்குவதற்கு முன் தரமணியில் இடம் உறுதியாகிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அவன் அப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான் அம்மா. அதற்கு என்னிடம் கோர்ஸ் எதுவும் இல்லை.